அசைவிழந்தார் உயிரிழந்தாரல்லர்

மயக்கம், உறக்கம், தளர்ச்சி, சாக்காடு என்னும் நான்கும் நான்கு வேறு பொருள்களைக் குறிக்கும் சொற்கள். ஏட்டிலே அவற்றை நாம் ஒன்றோடொன்று கலக்கவிடுவதில்லை. வழக்கிலோ, பேச்சின்றி அசைவின்றிக் கிடக்கும் ஒருவரைக் கண்டவுடன் நான்கையும் ஒன்றாக்கிவிடுகிறோம். "மயங்கிப் போனார்" என்பார் ஒருவர். "நித்திரை போலிருக்கிறது" என்பார் மற்றொருவர். "எல்லாம் முடிந்துவிட்டது" என்று தலையிலடித்துக்கொள்வார் மூன்றாமவர். கிடப்பவர் மூவர் சொல்லையும் கேட்டுக்கொண்டே கிடக்கலாம் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

சொற்பொருள் வேறுபாட்டை மறந்தமையால் ஓர் உயிர் போகக்கூடுமோ என்று கேட்பார் உளராயின், எங்கள் வன்னி நிலத்திலே போகக்கூடும் என்பதே என் விடை. அதனை விளக்குதற்கு, நரம்பும் தசையும் சந்திக்கும் சிற்றிடம் ஒன்றைப் பற்றிக் கூறல் வேண்டும். அவ்விடத்தின் வழியாகவே சத்திரசிகிச்சைக் கூடத்து மருந்து தசையைத் தளர்த்துகிறது. இரவிலே பாயில் ஏறும் பாம்பின் நஞ்சு மூச்சை நிறுத்துகிறது. வயலுக்கு அடிக்கும் பூச்சிநாசினியும் தன் கொடுமையைக் காட்டுகிறது. வந்தவர் மூவர், வாயில் ஒன்று.

வாங்கி என்னும் சொல்

உயிரியல் பயிலும் மாணாக்கர் கலைச்சொற்களுக்குப் பொருள் வினவித் தமிழாசிரியனாகிய என்னிடம் வருவதுண்டு. "வாங்கி என்றால் என்ன, ஐயா? கடையில் எதையாவது வாங்குகிறதா?" என்று அவர்களுள் ஒருவன் கேட்டான். நகைப்புக்கிடமான வினாவன்று. நம் நாட்டுப் பாடநூல்கள் வாங்கி என்று கூறுவதைத் தமிழ்நாட்டு நூல்கள் ஏற்பி என்று கூறும். உயிரணுவின் மேற்பரப்பிலே பதிந்து நின்று, தனக்கென வரும் இரசாயனத் தூதை ஏற்றுக்கொள்ளும் புரதமே வாங்கி. ஏற்றுக்கொள்ளுதல் என்னும் பொருளால் இரு சொற்களும் ஒக்கும். ஆயினும் வாங்குதல் என்னும் சொல்லுக்கு வளைதல் என்னும் பழம்பொருளும் உண்டு. நரம்புத் தசை வாங்கி, தூதை ஏற்ற கணத்திலே உண்மையாகவே தன் உருவை வளைத்துத் திருகிக்கொள்கிறது. ஏற்பதும் அதுவே, வளைவதும் அதுவே. சொல்லை ஆக்கியவர்கள் இதனைக் கருதினார்களோ இல்லையோ, சொல் பொருளோடு பொருந்தி நிற்கிறது.

இத்தகைய பொருள்களைத் தமிழிற் கூறல் இயலுமோ என்ற ஐயமும் வேண்டுவதில்லை. அமெரிக்க மிசன் வைத்தியராய் 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடலமைப்பும் உடற்றொழிலும் கூறும் நூல்களைத் தமிழிலே வெளியிட்டார். அவர் வழியிலே நடப்பதற்கு நாம் அஞ்சவேண்டியதில்லை.

இடைவெளியும் உடம்படுமெய்யும்

கையை அசைக்க எண்ணுகிறோம். மூளையிற் பிறந்த ஏவல் முண்ணாண் வழியாக நரம்பிலே மின்துடிப்பாய் ஓடித் தசையின் அருகே வந்து சேருகிறது. ஆனால் நரம்பு தசையைத் தொடுவதில்லை. இரண்டிற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீற்றரை 20,000 கூறிட்டால் வரும் ஒரு கூறே அதன் அகலம். கண்ணுக்குப் புலனாகாத அவ்விடைவெளியை மின்துடிப்புத் தாண்டமாட்டாது.

இலக்கண மாணாக்கர்க்கு இஃது எளிதில் விளங்கும். நிலைமொழியின் ஈற்றிலும் வருமொழியின் முதலிலும் உயிர் நிற்குமாயின் இரண்டும் தாமாக ஒட்டா. அவற்றை உடன்படுத்த யகரமோ வகரமோ இடையிலே தோன்றும். அதனை உடம்படுமெய் என்போம். நரம்பாகிய நிலைமொழிக்கும் தசையாகிய வருமொழிக்கும் இடையே தோன்றும் உடம்படுமெய்தான் அசற்றைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள். நரம்பின் நுனியிலே நுண்ணிய பைகளுள் அது நிரம்பியிருக்கிறது. மின்துடிப்பு வந்தவுடன் கல்சியம் அயன்கள் நுனியினுள் நுழைகின்றன. பைகள் வெடித்துத் தம்முள் இருந்ததை இடைவெளியிற் கொட்டுகின்றன.

எதிர்க்கரையிலே, தசையின் மேற்பரப்பில், வாங்கிகள் இலட்சக்கணக்காய்ச் செறிந்து நிற்கின்றன. ஒவ்வொரு வாங்கியும் ஐந்து புரதக் கூறுகள் வட்டமாய்க் கூடியமைந்த வாயில். நடுவே அடைபட்ட சிறு துவாரம். அவ்வைந்தனுள் இரண்டு கூறுகளில் அசற்றைல்கோலின் அமர்வதற்கான இருக்கைகள் உண்டு. இரண்டு இருக்கையிலும் அது வந்தமர்ந்தால் மாத்திரமே வாங்கி திருகி, நடுவேயுள்ள துவாரம் திறக்கும். ஒன்றில் மட்டும் அமர்ந்தாற் போதாது. இரட்டைத் திறவுகோலிட்ட பெட்டகம் போன்றது அது. துவாரம் திறந்ததும் சோடியம் அயன்கள் தசையினுள்ளே பாய்கின்றன, தசை சுருங்குகிறது, கை அசைகிறது.

கதவு திறந்தபடியே நிற்குமாயின் அடுத்த ஏவலுக்கு இடமில்லை. ஆதலின் இடைவெளியிலே காத்திருக்கும் நொதியம் ஒன்று, தொழில் முடித்த அசற்றைல்கோலினை ஏறத்தாழ ஆயிரத்திலொரு செக்கன் நேரத்துக்குள் உடைத்து அகற்றிவிடுகிறது. கொட்டுபவன் நரம்பு, ஏற்பவன் வாங்கி, கூட்டித் துடைப்பவன் நொதியம். இம்மூவருள் எவன் கெட்டாலும் அசைவு கெடும். அசைவு கெட்டால் மூச்சும் கெடும். நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையே நின்று மூச்சை இழுத்துவிடும் பிரிமென்றகடும் இவ்வாறே ஏவல் பெற்றுச் சுருங்கும் தசையன்றோ? இதயமோ தனக்கெனத் துடிப்பை உடையது. இந்த ஏவலை எதிர்பார்ப்பதன்று. இவ்வேறுபாட்டை வாசகர் மனத்திற்கொள்க. மூச்சு நின்ற பின்னரும் சில நிமிடம் இதயம் துடிக்கும். அச்சில நிமிடங்களே நாம் உதவுதற்குரிய காலம்.

அம்புமுனை நஞ்சு

தென்னமெரிக்கக் காடுகளில் வாழ்ந்த குடிகள், சில கொடிகளின் பட்டையைக் காய்ச்சிக் கரிய குழம்பாக்கி அம்புமுனையிற் பூசி வேட்டையாடினர். குராரே என்பது அதன் பெயர். அம்பு தைத்த விலங்கு சிறிது நேரத்திலே கால் தளர்ந்து விழும். பின்னர் மூச்சு நிற்கும். அதன் இறைச்சியை உண்டவர்க்கோ தீங்கில்லை. வயிற்றுக்குட் சென்ற குராரே குருதியிற் கலப்பது அரிது.

சாள்ஸ் வோட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் அந்நஞ்சைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். 1814ஆம் ஆண்டிலே இலண்டனில் ஒரு பெண் கழுதைக்கு அது ஏற்றப்பட்டது. கழுதை சரிந்து விழுந்தது, மூச்சு ஒடுங்கியது. உடனே அதன் மூச்சுக்குழலைத் திறந்து, துருத்தி ஒன்றினாற் காற்றை ஊதினர். கொல்லன் உலையிலே நெருப்பை வளர்க்கும் துருத்தி, இங்கே ஓர் உயிரை வளர்த்தது. மணிக்கணக்காக ஊதிய பின்னர் நஞ்சின் வலி குன்றிற்று. கழுதை எழுந்து நின்றது. வோட்டர்டன் அதனைத் தம் பண்ணையிலே வேலையின்றி மேயவிட்டார். பின்னும் ஏறத்தாழ 25 ஆண்டுகள் அது வாழ்ந்தது. நஞ்சு கொல்வது தசையின் அசைவைத்தான். அசைவு போனமையால் மூச்சுப் போகிறது. மூச்சு போனமையாலே உயிர் போகிறது. மூச்சைப் பிறர் கொடுத்தால் உயிர் போகவேண்டியதில்லை. இவ்வுண்மையை முதலில் உலகறிய நிறுவிய பெருமை அக்கழுதைக்கு உரியது.

அந்நஞ்சு எங்கே தொழிற்படுகிறது என்பதைக் கண்டவர் பிரான்சு நாட்டு அறிஞர் குளோட் பேர்னாட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அவர் ஒரு தவளையின் பின்னங்காலொன்றை, நரம்பை மட்டும் விட்டு, இறுகக் கட்டினார். குருதி அக்காலுக்குட் செல்லாது. நரம்பின் ஏவல் மாத்திரம் செல்லும். பின்னர் உடலுக்குக் குராரே ஏற்றினார். உடல் முழுதும் துவண்டது. துவண்ட பகுதியின் தோலை அவர் கிள்ளியபொழுது, கட்டப்பட்டு நஞ்சினின்றும் தப்பிய கால் துள்ளியது! தோல் நோவை உணர்ந்தது. உணர்ச்சி முண்ணாணுக்குச் சென்றது. ஏவலும் திரும்பி வந்தது. அசைந்து காட்டும் ஆற்றல் மட்டுமே உடலிலே இல்லாது போயிற்று. உடல் முழுதுக்கும் ஒற்றைக் கால் சாட்சி சொன்னது. துவண்ட தசையை நேரே மின்னாற் தூண்ட, அதுவும் சுருங்கியது. நரம்பும் தசையும் கெடவில்லையாயின், கெட்டது இரண்டும் சந்திக்கும் இடமே என்பது பெறப்பட்டது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து லாங்லி என்பவர் 1905இல், தசையிலே இத்தகைய பொருள்களை ஏற்கும் ஏதோ ஒன்று இருத்தல் வேண்டுமென்று துணிந்து கூறினார். வாங்கி என்னும் கருத்து அவ்வாறு பிறந்தது. இடைவெளியைக் கடக்கும் தூது அசற்றைல்கோலினே என்பதை ஹென்றி டேலும் அவர்தம் கூட்டாளிகளும் 1936இல் நிறுவினர். குராரே அந்த இருக்கைகளிலே தான் அமர்ந்துகொள்கிறது. ஆனால் வாங்கியைத் திருக மாட்டாது. பூட்டினுள் நுழைந்து திருகாமல் நிற்கும் பொய்த் திறவுகோல் அது. உண்மைத் திறவுகோல் வந்தாலும் நுழைய வழியில்லை.

மயக்கமருந்தன்று

ஹரோல்ட் கிங் என்பவர் 1935இல் குராரேயினின்றும் தூய பளிங்குப் பொருளாகிய தியூபோகுராரினைப் பிரித்தெடுத்தார். 1942ஆம் ஆண்டு தை மாதம் 23ஆம் நாள், கனடாவின் மொன்றியல் நகரிலே ஹரல்ட் கிறிவ்வித், ஈனிட் ஜோன்சன் என்னும் வைத்தியர் இருவரும், குடல்வால் அறுவைக்கு உட்பட்ட ஓர் இளைஞனுக்குக் குராரே மருந்தை மயக்கமருந்தோடு சேர்த்துக் கொடுத்தனர். அதற்கு முன்னர், வயிற்றுத் தசையைத் தளர்த்துவதற்கு மயக்கமருந்தையே அளவுக்கு மிஞ்சிக் கொடுக்க வேண்டியிருந்தது. அது பலர் உயிருக்கு ஊறாயிற்று. தளர்ச்சிக்கு வேறு மருந்து கிடைத்தபின், மயக்கத்துக்கு வேண்டிய அளவே மயக்கமருந்து போதுமானதாயிற்று. சத்திரசிகிச்சை வளர்ந்த வளர்ச்சிக்கு இது பெருந்துணை புரிந்தது.

இங்கேதான் ஒரு சொல் மயக்கம் புகுந்தது. அசையாது கிடப்பவன் உணர்வின்றியும் கிடப்பான் என்று கருதிய வைத்தியர் சிலர் அக்காலத்தில் இருந்தனர். அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலே ஸ்கொற் சிமித் என்னும் வைத்தியர், வேறெவரையும் சோதியாது தம்மையே சோதனைப் பொருளாக்கினார். மயக்கமருந்து எதுவுமின்றித் தியூபோகுராரினை மாத்திரம் ஏற்றச் செய்தார். மூச்சும் நிற்கும் அளவுக்கு உடல் துவண்டது; துணைவர் அவருக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தனர். தெளிந்தெழுந்தபின், நடந்தவை அனைத்தையும் கேட்டதாகவும் உணர்ந்ததாகவும், ஒரு கணமேனும் அறிவு நீங்கவில்லையென்றும் அவர் கூறினார். 1947இல் அச்சோதனை வெளியிடப்பட்டது. தசை தளர்த்தும் மருந்து மயக்கமருந்தன்று, நோவகற்றும் மருந்துமன்று. ஆதலின் இன்றைய வைத்தியர், உறக்கத்துக்கு ஒரு மருந்து, நோவுக்கு ஒரு மருந்து, தளர்ச்சிக்கு ஒரு மருந்து என்று மூன்றையும் வேறு வேறாய் அளந்து கொடுக்கின்றனர். உறக்கம் வந்தபின்னரே தளர்ச்சியை வருவிக்கின்றனர். சத்திரசிகிச்சைக்குச் செல்வோர் அஞ்சவேண்டியதில்லை.

வெக்குரோனியம், ரொக்குரோனியம், அற்றாக்கூரியம் என்பன இன்று வழங்கும் பொய்த் திறவுகோல்கள். சக்சினைல்கோலின் என்பது வேறு வகை. அது பூட்டைத் திறந்து, திறந்தபடியே பற்றிக்கொண்டு நிற்கும். தசை ஒருமுறை துடித்துப் பின் துவளும். சில நிமிடத்திலே மருந்து குருதியில் அழியும். தளர்ச்சியைத் தீர்ப்பதற்கும் வழிகள் உண்டு. நியோஸ்ரிக்மின் என்னும் மருந்து, கூட்டித் துடைக்கும் நொதியத்தின் கையைக் கட்டிவிடுகிறது. உண்மைத் திறவுகோல்கள் இடைவெளியிற் பெருகிப் பொய்யனவற்றை நெருக்கித் தள்ளுகின்றன. ஐரோப்பாவில் 2008இல் அங்கீகாரம் பெற்ற சுகமடெக்ஸ் என்பதோ, ரொக்குரோனியத்தைத் தன் வளையத்துள் விழுங்கிக்கொள்கிறது.

ஒரு வியப்பு. வாங்கிகளுள் முக்காற்பங்கு அளவு அடைபட்ட பின்னரே தசையின் வலி குன்றத் தொடங்குகிறது. இயற்கை அத்துணை மிகையாக வாங்கிகளை வைத்திருக்கிறது. அவ்வெல்லையைத் தாண்டியதும் நலிவு விரைந்து தோன்றும். பாம்பு நஞ்சிலும் அவ்வாறே. முதலிற் கண்ணிமை கனக்கும், பொருள் இரண்டாய்த் தெரியும், நாத் தடுமாறும், விழுங்கல் அரிதாகும், கழுத்து நில்லாது, இறுதியிலே பிரிமென்றகடு சோரும்.

வன்னியிலே

நிற்க. வன்னியிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் வயலும் காடும் பாம்புகளுக்கும் உறைவிடம். நாகம் கடித்தால் அதன் நஞ்சிலுள்ள சிறுபுரதங்கள் குராரே போலவே வாங்கியின் இருக்கைகளைப் பற்றுகின்றன. கடிவாயும் வீங்கி நோகும். எட்டடி விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் பெயர் பெறும் பாம்பு இதனினும் வஞ்சகமானது. கருநீல மேனியில் மெல்லிய வெண்கோடுகளை உடையது, இரவிலே திரிவது, தரையில் உறங்குவோரைத் தீண்டுவது. அதன் கடி பெரும்பாலும் நோவதில்லை, வீங்குவதுமில்லை, பல்லடையாளமும் தெளிவாய்த் தெரிவதில்லை. கடியுண்டார் எட்டடி வைக்குமுன் வீழ்வர் என்று பெயருக்குக் காரணம் கூறுவோர் உளர். உண்மை அதற்கு மறுதலை. நலிவு தோன்றுதற்குப் பல மணிநேரம் செல்லலாம். எட்டடி நடந்தும் விழவில்லை, ஆகவே நஞ்சில்லை என்று ஆறியிருப்பார்க்குப் பெயரே பகையாகிவிடுகிறது.

இவ்விரியனின் நஞ்சு வாங்கியை மாத்திரம் குறிவைப்பதன்று; நரம்பு நுனியையே சிதைக்கிறது. திறவுகோல் நிறைந்த பைகள் வெறுமையாகின்றன. நுனி மீள வளர்ந்தாலன்றி ஏவல் செல்லாது. ஆதலாலே, பிந்திக் கொடுக்கும் நஞ்சுமுறி மருந்து முன்னரே நேர்ந்த சிதைவை மீட்கமாட்டாது. முந்திக் கொடுப்பின், குருதியில் இன்னும் அலையும் நஞ்சை அது பற்றிக்கொள்ளும். மற்றையது மூச்சுப் பொறியின் கடமை. வவுனியாவுக்குத் தெற்கே நம்மை அடுத்துக் கிடக்கும் அனுராதபுரத்திலே, விரியன் கடிக்குள்ளான 210 பேரை வைத்தியர் குலரத்தின ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் செயற்கைச் சுவாசம் வேண்டியதாயிற்று, பெரும்பாலோர் பிழைத்தனர். வோட்டர்டனின் துருத்தி செய்த பணியை இன்று பொறி செய்கிறது.

என்னிடம் பயின்ற ஒருவர் இப்பொழுது இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விளைவிப்பவர். பெரும்போக வெள்ளாண்மை முற்றிய காலத்திலே, காவற் கொட்டிலிற் பாய் விரித்துப் படுத்தவர், விடியற்புறம் வயிற்றுநோவோடு எழுந்தார். உண்டது செமிக்கவில்லை என்று எண்ணினார்கள். சிறிது நேரத்தில் இமை தாழ்ந்தது, பேச்சுக் குழறியது. வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வழியிலே உடல் முற்றும் துவண்டது. பின்னர் அவர் எனக்குச் சொன்னது இது: "எல்லாம் கேட்டது, ஐயா. மாமி ஒப்பாரி வைத்தா. பெரியப்பா, வீட்டுக்கே திருப்புவோம், ஏன் வீணாய்க் கொண்டுபோய் அலைக்கழிப்பான் என்றார். நான் இருக்கிறேன் என்று சொல்ல விரலொன்றை அசைக்கப் பார்த்தேன், அசையவில்லை. வண்டியை ஓட்டின பெடியன் மட்டும், கை சூடாய்த்தானே கிடக்கு, நான் திருப்ப மாட்டன் என்றான்." அந்த இளைஞன் இலக்கணம் கற்றவனல்லன். ஆயினும் தளர்ச்சிக்கும் சாக்காட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவன் அறிந்திருந்தான். கடியுண்டவர் சில நாள் மூச்சுப் பொறியிலிருந்து மீண்டு, அடுத்த சிறுபோகத்துக்கு வயலில் இறங்கினார்.

மற்றொன்றும் கூறல் வேண்டும். இந்நஞ்சினாற் கண்மணி அகன்று, ஒளிக்குச் சுருங்காமலும் நிற்கும். விளக்கைப் பிடித்துப் பார்த்து, கண்மணி அசையவில்லை என்பதனால் உயிரில்லை என்று துணிதல் தவறாகும். 2009ஆம் ஆண்டுப் போர் முடிவின் பின், முகாம்களிலிருந்து மீண்ட எம்மவர் காடு மண்டிய காணிகளிலே தறப்பாட் கொட்டில் கட்டித் தரையிலே உறங்கினர். யானும் அவ்வாறு உறங்கியவர்களுள் ஒருவன். நுளம்பு வலையைப் பாயின்கீழ் நன்றாகச் செருகிக்கொள்ளும் வழக்கம் நுளம்பை மட்டுமன்றி விரியனையும் தடுக்கும் என்பது, அன்று பலர்க்குத் தெரிந்திருக்கவில்லை.

மருந்து என்னும் மங்கலப் பெயர்

பூச்சிநாசினி தெளிப்பதை நாம் "மருந்தடித்தல்" என்கிறோம். ஒகனோபொசுபேற்று வகையைச் சேர்ந்த நாசினிகள், கூட்டித் துடைக்கும் நொதியத்தை முடக்குகின்றன. நியோஸ்ரிக்மின் அளவோடும் சிறிது நேரத்துக்கும் செய்வதை இவை அளவின்றியும் நெடுநேரமும் செய்யும். அசற்றைல்கோலின் வெள்ளமாய்த் தேங்க, வாயும் மூக்கும் நீர் சொரியும். தசைகள் துடிதுடித்துப் பின்னர் ஓயும். பூட்டு அடைபட்டாலும் அசைவில்லை. ஓயாமல் திறந்து கிடந்தாலும் அசைவில்லை.

இவ்விடயத்திலே இலங்கை வைத்தியர்கள் உலகுக்கு ஒரு பாடம் கற்பித்தனர். நிமால் சேனநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த என்னும் இருவரும் 1987இல், இந்நஞ்சுண்டவர் பத்துப்பேரின் நிலையை விவரித்து, இடைக்கால நோய்க்கூறு ஒன்றை முதன்முதல் எடுத்துக்காட்டினர். முதனாள் துன்பம் தணிந்து நோயாளி தேறினாற்போலத் தோன்றும். ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் கழுத்தும் தோளும் சோர்ந்து, மூச்சு திடீரென ஒடுங்கும். தேறிவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்பும் சுற்றத்தார் இதனை அறிதல் வேண்டும். மெதமிடொபோசு, மொனோகுரோற்றொபோசு ஆகிய கொடிய நாசினிகளை இலங்கை அரசு 1995இல் தடைசெய்தமை நல்வினையே. எஞ்சியவற்றையும் கைகாப்பும் முகமூடியுமின்றித் தொடலாகாது.

நஞ்சு செய்த நன்மை

விரியனினத்துக்கு நாம் கடன்பட்டதும் ஒன்றுண்டு. தாய்வான் நாட்டு அறிஞர் சாங், லீ என்போர் 1963இல், அந்நாட்டு விரியனொன்றின் நஞ்சைக் கூறுபிரித்து, வாங்கியை விடாப்பிடியாய்ப் பற்றும் புரதம் ஒன்றைக் கண்டனர். அதனைத் தூண்டிலாக்கியே பிற்காலத்தார் வாங்கியைப் பிரித்தெடுத்தனர். லாங்லி 1905இல் உளதென்று ஊகித்த பொருள் அவ்வாறு கைக்கு அகப்பட்டது. இமை தாழ்ந்து உடல் சோரும் ஒரு நோயிலே, நோயாளியின் உடல் தன் வாங்கிகளையே பகையெனக் கருதித் தாக்குகிறது என்பதும் அதன் பயனாய் விளங்கிற்று. அந்நோயாளரின் தோற்றம் குராரே ஏற்றியவர் தோற்றத்தை ஒத்திருந்தமையைக் கண்டு, குராரேக்கு முறியாகிய மருந்தையே கொடுத்து 1934இல் வெற்றிகண்டவர் மேரி வோக்கர் என்னும் பெண் வைத்தியர். கொல்லும் விரியன் அவ்வாறு ஒரு நோயை விளங்கவைத்தது.

இனிச் செய்யத்தக்கது

பாம்பு தீண்டியதென்று ஐயம் தோன்றினாலே போதும்; அடையாளம் தேடிக் காலம் போக்கலாகாது. தரையில் உறங்கியவர் விடியலில் வயிற்றுநோவும் இமைத்தாழ்வும் கூறுவாராயின், விரியன் கடி என்றே கொள்க. கீறுதலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் வேண்டா. மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி, கடியுண்ட உறுப்பை அசையாதபடி வைத்து, வாந்தியோ சோர்வோ காணின் இடப்புறமாய்ச் சரித்துக் கிடத்தி, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நோயாளர் காவுவண்டி வரும். மூச்சு ஒடுங்கினால் வாயோடு வாய் வைத்து ஊதுக. வைத்தியசாலை வாயில் வரையும் ஊதுக. நாகதம்பிரானிடத்து நேர்த்தி வைப்போர் வைக்கட்டும். புளியம்பொக்கணைக்குப் பொங்கலிடச் செல்லும் அடியார் கூட்டத்துள் யானும் ஒருவன். நேர்த்தியை வண்டியில் இருந்துகொண்டும் வைக்கலாம்.

கிடப்பவர் செவி கேட்கும் என்பதை மறவாதிருப்போமாக. ஒப்பாரிக்கு அது காலமன்று. "வைத்தியசாலைக்குப் போகிறோம், மூச்சை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பயப்படாதே" என்று காதருகே சொல்லவேண்டிய காலம் அது.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. மயக்கம் என்பது அறிவு மறைதல். உறக்கம் என்பது அறிவு ஒடுங்கி மீளுதல். தளர்ச்சி என்பது அறிவிருக்க அசைவு நீங்குதல். சாக்காடு என்பது மீளாமை. இந்நான்கையும் ஐந்தாம் வகுப்பு மாணாக்கனும் வேறுபடுத்திச் சொல்லுமாறு கற்பியுங்கள். என்றோ ஓர் இரவில், வயற்கரைக் கொட்டிலொன்றிலே, அவன் சொல்லும் சரியான சொல்லுக்காக ஒருவர் அசைவின்றிக் காத்துக்கிடப்பார்.